பஞ்சவர்ணத்தின் பிள்ளைக்கு நான் வைத்த சேனை

சிறைத்துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். ‘கைதிகளோடு எவ்வளவு ஒட்டலாம், எவ்வளவு ஒதுங்கலாம் என்று வகுப்பில் ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள் அம்மா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் எப்படி இருந்தீர்கள்?’ என்று கேட்டிருக்கிறாள். படித்து முடித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். “என்னம்மா, உன் கைதி யாரும் தப்பிச்சு ஓடிட்டாகளா?” என்று என் மகள் கேலி செய்தாள்.

தனிக் கடிதமாக எழுதினால் அவள் ஒருத்திதான் படிப்பாள். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது. நடந்த ஒன்றைச் சொல்லத் தெரியும். அதில் நான் விதியை மீறியிருக்கிறேன், மெமோ வாங்கியிருக்கிறேன்.

என் பெயர் மங்களேஸ்வரி. உத்தரகோசமங்கைப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். கல்யாணமாகி ராமநாதபுரம் வந்தேன். புருஷன் சைக்கிள் கடை வைத்திருந்தார். அங்கே இருந்த சப் ஜெயிலில் பெண் கைதி வந்தால் மட்டும் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிடுவார்கள். மதுவிலக்கு வந்தபின் சாராய வழக்கில் பெண்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். ஐம்பதுகளின் நடுவில் என்னை நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லி மதுரைக்கு ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சாவி பிடிப்பது, சோதனை போடுவது, தலை எண்ணுவது, இவ்வளவுதான் பயிற்சி. சேலையோடு சல்யூட் அடிக்கக் கற்றுக்கொண்டதை மட்டும் சொல்லச் சொன்னால் ஒரு நாள் முழுக்கச் சொல்வேன். திரும்பி வந்ததும் ஒரு வருஷம் சோதனைக் காலம். அதற்குள் பெயர் கெட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார்கள். அந்த வருஷம்தான் என் புருஷனுக்குக் காசநோய் கண்டு கடை பாதி நாள் மூடிக் கிடந்தது. இரண்டு பிள்ளைகள். அந்த வேலை போனால் எங்களுக்கு அடுத்த வேளைக் கஞ்சி கிடையாது.

வேலையை உள்ளபடி எனக்குப் பழக்கியவர் தலைமை வார்டர் அருளானந்தம். ஒல்லியான மனிதர். காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானை எந்த வெயிலிலும் அவிழ்க்க மாட்டார். பெண்கள் கொட்டடிக்கு வந்தால் பெரிய சாவியால் கதவை மூன்று தட்டுத் தட்டுவார். நான் திறக்கும் வரைக்கும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். திறந்தபிறகும் வாசற்படி தாண்ட மாட்டார். “எத்தனை தலை?” என்பார். நான் சொல்வேன். முதலில் பென்சிலால் குறித்துக்கொள்வார். ஆபீசுக்குப் போய் இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு மையால் எழுதுவார். கொலைக் கேஸ்காரனிடமும் தாசில்தாரிடமும் ஒரே குரலில் பேசுகிற மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

என்னிடம் அவர் சொன்னது மூன்றுதான். கைதியிடம் ஒன்றும் வாங்காதே. கைதிக்கு ஒன்றும் கொடுக்காதே. கைதியை முறை சொல்லிக் கூப்பிடாதே, அவர்கள் அப்படிக் கூப்பிட்டால் பதில் கொடுக்காதே.

முதல் இரண்டும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மூன்றாவதுதான் உயிரை எடுத்தது. எங்கள் சீமையில் அக்கா, மதினி, அத்தை, சின்னாத்தா என்று ஏதாவது ஒரு முறை வைக்காமல் கால் கிலோ மீன்கூட வாங்க முடியாது. நானும் வாயைக் கட்டிக்கொண்டுதான் பார்த்தேன். ‘ஏய்’ என்று கூப்பிட மனம் வரவில்லை, பெயர் சொன்னால் என் வயதுக்கு மீறினதாகப் பட்டது. கடைசியில் கைதட்டிக் கூப்பிட ஆரம்பித்தேன். கோழி விரட்டுகிறேன் என்று உள்ளே சிரித்தார்கள்.

காலையில் கதவு திறந்ததும் வேலை ஒரே ஒழுங்கில் ஓடும். வரிசையாக உட்கார வைத்துத் தலை எண்ணுவேன். அப்புறம் சோதனை. கொண்டையை அவிழ்த்து உதறச் சொல்ல வேண்டும். முந்தானை முடிச்சு, கொசுவ மடிப்பு, சேலைக் கரையின் மடக்குத் தையல் எல்லாவற்றையும் விரலால் நெருடிப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது பேசக் கூடாது. சாவிக் கொத்தை இடுப்பில் தொங்கவிட்டாலும் உபயோகப்படும் சாவியின் பல் உள்ளங்கைக்குள் இருக்க வேண்டும். சாவியின் பல்லை ஒரு முறை பார்த்தாலே அச்செடுக்கிற ஆட்கள் உண்டு என்பார் அருளானந்தம். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்துப் போனது. வீட்டில் நோயும் அழுகையும் கிடக்க, இங்கே எட்டு மணிக்கு எது, ஒன்பது மணிக்கு எது என்று தெரிந்திருப்பது பெரிய ஆறுதல்.

இப்படி இருக்கையில்தான் பஞ்சவர்ணம் வந்தாள்.

திருப்பாலைக்குடிக் கடற்கரைக்காரி. வயது இருபத்திரண்டு இருக்கும், எட்டு மாதக் கர்ப்பம். புருஷன் சாத்தையா தன் தோணியில் அனுமதிச் சீட்டு இல்லாத ஆட்களைச் சிலோனுக்கு ஏற்றிக்கொண்டு போகிறவன். ஒரு நாள் கரையிலேயே போலீஸ் வளைத்துக்கொண்டது. கான்ஸ்டபிள் ஒருவர் சாத்தையாவின் தலைமுடியைப் பிடித்ததுதான் தாமதம், இவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய்த் துடுப்பால் அவர் முதுகில் ஒன்று போட்டுவிட்டாள். அவர் சகதியில் விழுந்தார், சாத்தையா ஓடிவிட்டான், இவள் அகப்பட்டாள். ஜாமீனுக்கு ஆள் வரவில்லை.

“எதுக்கு அடிச்சே?” என்று முதல் நாள் சோதனையின்போது பேசக் கூடாது என்பதை மறந்து கேட்டுவிட்டேன்.

“பின்ன, என் முன்னால அவுக முடியப் பிடிச்சா கொஞ்சுவேனாக்கா?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கொண்டையை உதறச் சொன்னேன்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. ஒரு நாள் காலையில் கதவைத் திறக்கிறேன், பஞ்சவர்ணம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கால் வழியே பனிக்குடத் தண்ணீர். நாள் இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஓடிப்போய் அருளானந்தத்திடம் சொன்னேன். கைதியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் போலீஸ் காவல் வேண்டும். போலீசெல்லாம் கண்மாய்க் கரை உடைந்த இடத்துக்குப் போயிருந்தார்கள். தெருவில் முழங்காலளவு தண்ணீர், வண்டியும் வராது. அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நர்ஸைக் கூட்டி வர ஒரு வார்டரை ஓடச் சொன்னார். சமையல்கட்டில் வெந்நீர் போடச் சொன்னார். மற்ற இரண்டு பெண் கைதிகளைச் சாப்பாட்டுக் கொட்டகைக்கு மாற்றினார். அப்புறம் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வெந்நீர்ச் செம்பைப் பின்பக்கமாகக் கையை நீட்டி எனக்குத் தந்தார். “நீ ரெண்டு பெத்தவதானே? பயப்படாதே,” என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் சொல்வேன்! வெளியே மழை ஓட்டைப் பிய்க்கிறது. உள்ளே இவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் இரண்டு உடைந்து போனது. கத்து, கத்து என்றேன். கத்தினாள்.

“ஏலே சாத்தையா! இங்கன நான் சாகுறேன், நீ காரங்காட்டுச் சுரபுன்னைக்குள்ள ஒளிஞ்சு கிடக்கியேடா!”

நான் விறைத்துப் போனேன். எங்கள் பக்கத்துப் பெண் செத்தாலும் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். இவள் பேரையும் சொல்லி, ஏலே என்றும் சொல்லி, அவன் ஒளிந்திருக்கிற இடத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். காரங்காட்டு உப்பங்கழியில் அந்த மரக்காடு மண்டிக் கிடக்கிறது. உள்ளே தோணி புகுந்துவிட்டால் வெளியே இருந்து யாருக்கும் தெரியாது. ஆனால் இடம் தெரிந்தவனுக்கு மடக்கிப் பிடிக்க ஒரு பொழுது போதும். நல்ல வேளை, மழைச் சத்தத்தில் வாசலுக்குக் கேட்டிருக்காது.

பிள்ளை வந்துவிட்டது. பெண். வந்த வேகத்தில் அழுதது பாருங்கள், எனக்கும் அழுகை வந்துவிட்டது. அடுத்த நிமிஷமே நர்ஸ் முழங்கால் வரை நனைந்து, தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். தொப்புள்கொடியை வெட்டினாள், துடைத்தாள், சுருட்டிக் கொடுத்தாள்.

பஞ்சவர்ணம் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “சேனை வைக்கணுமே. அவுக அக்காதான் வைக்கணும். அது தொண்டியில கிடக்கு. நீ வை.”

“எனக்கு அதுக்கு உரிமை கிடையாது.”

“உன் கையிலதானே விழுந்துச்சு? நீதான் அதுக்கு அத்தை. வை மதினி.”

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பது சாதாரணக் காரியம் இல்லை. எந்தக் குழந்தையும் அது இல்லாமல் கிடக்கக் கூடாது. இருமலுக்காக என் முந்தானையில் பனங்கற்கண்டு முடிந்து வைத்திருந்தேன். வெந்நீரில் கரைத்தேன். சுண்டு விரலால் தொட்டு வைத்தேன். அந்தக் குட்டி நாக்கு விரலைச் சப்பியது. மூன்று விதியில் ‘கொடுக்காதே’ போயிற்று, முறையும் போயிற்று. அந்த நிமிஷத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

தாயும் பிள்ளையும் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த நாளே ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். அவளை விசாரிக்க உத்தரவுக் காகிதம் வைத்திருந்தார். நான் பக்கத்தில் நிற்க, அரை மணி நேரம் கேட்டார். பஞ்சவர்ணம் ‘தெரியாது’ என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சலித்துப்போய் எழுந்தார். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை சிணுங்கியது.

“மதினி, அந்தத் துணியை எடு,” என்றாள் பஞ்சவர்ணம்.

“இந்தா,” என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் நின்றார். என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னை வெளித் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

“முறையெல்லாம் ஆயிருச்சு போல. நர்ஸ் சொன்னா, சேனையும் நீதான் வச்சியாம். பேறுகாலத்துல கூட இருந்தவ நீ. அவ என்ன சொன்னா?”

“வலியில கத்துனா சார்.”

“என்ன கத்துனா?”

நான் இடுப்புச் சாவிக் கொத்தைச் சரிசெய்துகொண்டேன்.

“நாளைக்குக் காலையில வருவேன். புருஷன் இருக்கிற இடத்தைச் சொல்லு. இல்லைன்னா கைதியோட உறவு கொண்டாடுறே, ஜெயிலுக்குள்ள இனிப்புக் கொடுக்குறேன்னு உங்க சூப்பிரண்டுக்கு எழுதுவேன். சோதனைக் காலம்தானே உனக்கு?”

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். புருஷன் இருமிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். “இடத்தைச் சொல்லிட்டா அந்தப் பிள்ளை முகத்துல முழிப்பியா?” என்றார். “சொல்லலைன்னா நம்ம பிள்ளைக முகத்துல முழிக்கணுமே,” என்றேன். கோபம் கோபமாக வந்தது. பஞ்சவர்ணத்தின் மேல் கோபம், இன்ஸ்பெக்டர் மேல் கோபம், முந்தானையில் பனங்கற்கண்டை முடிந்துகொண்டு போன என் மேலேயே கோபம். பாத்திரம் கழுவுகிறபோதுதான் எனக்குப் பிடிபட்டது. அந்த ஆள் எதை வைத்து என்னை மிரட்டுகிறார்? நான் மறைப்பேன் என்பதை வைத்துத்தானே?

விடிந்ததும் முதல் வேலையாக ஆபீசுக்குப் போனேன். அருளானந்தம் முன்னால் இருந்த ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்து நானே எழுதினேன். கைதி பஞ்சவர்ணத்தின் பிள்ளைக்குப் பனங்கற்கண்டு நீர் தொட்டு வைத்தேன். அவள் என்னை முறை சொல்லிக் கூப்பிட்டாள், நான் பதில் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார்.

“இப்ப ஏன் எழுதுறே?”

இன்ஸ்பெக்டர் கேட்டதைச் சொன்னேன். “அவ வலியில ஒண்ணு சொன்னா அய்யா. என் காதுல விழுந்துச்சு. அதை நான் போலீசுக்குச் சொல்ல மாட்டேன். நீங்க கேட்டா என்ன பண்ணுறதுன்னு தெரியல.”

பென்சிலை எடுத்தார், வைத்தார். “அதுல இந்த ஜெயிலை விட்டுத் தப்பிக்கிற விஷயம் ஏதாவது இருக்கா?”

“இல்லைய்யா.”

“ஜெயிலுக்குள்ள ஏதாவது வாரதைப் பத்தி?”

“இல்லைய்யா.”

“அப்ப எனக்கு வேண்டாம். ஆளைப் பிடிக்கிறது போலீஸ் வேலை. நமக்கு உள்ள இருக்கிறவுகதான்.” அப்புறம் அதே முகத்தோடு ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். எனக்கு மெமோ! விதி மீறிய காரணத்தை மூன்று நாளுக்குள் விளக்க வேண்டும் என்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மேஜையையே கவிழ்த்திருப்பேன். வாங்கிக்கொண்டு சல்யூட் அடித்தேன்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். அருளானந்தம் ரிப்போர்ட் புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்து, மெமோ நகலையும் வைத்தார். “நடவடிக்கை எடுத்தாச்சு சார்,” என்றார். இன்ஸ்பெக்டர் முகம் போன போக்கைப் பார்த்து என் ஆத்திரம் அங்கேயே தணிந்துவிட்டது.

ஆனால் மிச்சம் ஒன்று இருந்தது. பஞ்சவர்ணத்திடம் போனேன்.

“வலியில நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. இனிமே அந்தப் பேச்சை என் முன்னால எடுக்காதே. நாளைக்கு உன் மாமியா மனுப் போட்டு உன்னைப் பார்க்க வாராக. பக்கத்துல நின்னு கேக்குறது என் வேலை. அவனைத் தப்பிக்க வைக்கிற மாதிரி எதையாவது நீ சொன்னா, எழுதுவேன். மதினின்னும் கூப்பிடாதே.”

அவள் முகம் வெளுத்தது. அப்புறம் சிவந்தது. “அப்ப சேனை எதுக்கு வச்சே? நீயெல்லாம் ஒரு மனுசியா?” என்று கத்தினாள். “சரிங்க வார்டரம்மா,” என்று சொல்லித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அந்த ‘வார்டரம்மா’ என்னைச் சுட்டது. பொய் சொல்லவில்லை, அன்றைக்கு அழுதேன்.

மறுநாள் மாமியார் வந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் பஞ்சவர்ணம், மடியில் பிள்ளை. நான் இரண்டடி தள்ளி. எனக்கு மனசுக்குள் ஒரே போராட்டம். ஒரு நிமிஷம் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி நகர்ந்தால் போதும், அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவாள். யாருக்கும் தெரியாது. கால் கெஞ்சியது. நகரவில்லை. பஞ்சவர்ணம் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நகராது என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டு மாமியாரிடம் திரும்பினாள்.

“அத்தை, உங்க மகன்கிட்ட சொல்லுங்க. ஒளிஞ்சது போதும். கோர்ட்டுல வந்து நிக்கச் சொல்லுங்க. அடி வாங்காம நேரா ஜட்ஜ் முன்னால போய் நிக்கச் சொல்லுங்க. பிள்ளைய வந்து பாக்கச் சொல்லுங்க.” சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “எழுதிக்கிருங்க வார்டரம்மா.”

எழுதினேன். ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன்.

ஐந்தாம் நாள் சாத்தையா வந்தான். வக்கீல் ஒருவரோடு நேராக மாஜிஸ்திரேட் முன்னால் போய் நின்றுவிட்டான். இன்ஸ்பெக்டர் கையில் அகப்படாமல் கோர்ட் ரிமாண்டோடு எங்கள் ஜெயில் வாசலுக்கே வந்து சேர்ந்தான். உப்புப் பூத்த சட்டை, ஒட்டிய வயிறு. பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டான். அருளானந்தம் சூப்பிரண்டிடம் உத்தரவு வாங்கினார். பெண்கள் கொட்டடிக் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பதினைந்து நிமிஷம். இன்ஸ்பெக்டர் கடுகடுவென்று முகத்தை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

சாத்தையா கம்பிக்குள் விரலை விட்டுப் பிள்ளையின் காலைத் தொட்டான். பிறகு கேட்டான், “சேனை யாரு வச்சா?”

பஞ்சவர்ணம் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “யாரும் வைக்கல. இங்கன யாரு இருக்கா?”

அவன் முகம் அப்படியே வாடிவிட்டது. “பிள்ளை நாக்கு வெறுமனேயா கிடக்கு?”

அவள் எனக்காகத்தான் பொய் சொல்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. “நான்தான்யா வச்சேன்! பனங்கற்கண்டுத் தண்ணி வச்சேன். புத்தகத்துலயே எழுதியிருக்கு, மெமோவும் வாங்கியாச்சு!” என்று கத்திவிட்டேன்.

சாத்தையா அருளானந்தத்தைப் பார்த்தான். “அய்யா, சேனை வச்சவுக குணந்தான் பிள்ளைக்கு வரும்பாக. இவுக எப்படிப்பட்டவுகய்யா?”

ஒரு கைதி, ஒரு வார்டரின் குணத்தைத் தலைமை வார்டரிடமே விசாரிக்கிறான். வாயை மூடு என்று சொல்லியிருக்க வேண்டும் அவர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

“காதுல கேட்டதைச் சொல்ல மாட்டா. செஞ்சதை மறைக்க மாட்டா,” என்றார். பிறகு கொஞ்சமும் குரல் மாறாமல், “பதினைஞ்சு நிமிஷம் ஆச்சு. கதவைப் பூட்டு,” என்றார்.

பூட்டப் போனேன். அழுகையும் சிரிப்புமாக வந்ததில் சாவி துவாரத்தில் நுழையவே இல்லை. அதற்குள் பிள்ளை ஓடு பறக்கிற மாதிரி வீறிட்டது. பஞ்சவர்ணம் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“இப்பவே உங்க தொண்டை வந்துருச்சு, வார்டரம்மா.”